பொறிவண்டு பஸ்

அக்டோபர் 25, சனி

அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரே அறைதான். அடுப்படிக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருக்கிறோம். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சார்ஜர் லைட்டின் மேல் துண்டைப் போட்டு மூடியிருக்கிறேன். அப்பா லாரியில் நாசிக் போயிருக்கிறார். அம்மா பார்த்தால் “படிக்காம என்னடி கதை எழுதறே” என்பாள். கதை இல்லை. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

என் படம் தேர்வாகிவிட்டது!

அம்மா எங்கள் வீதி அங்கன்வாடியில் டீச்சர். கட்டடத்துக்குப் பின்னால் கல்லும் முள்ளுமாக ஒரு இடம் சும்மா கிடக்கிறது. அதைச் சின்னக் குழந்தைகள் விளையாடும் இடமாக மாற்ற ஓர் அறக்கட்டளை பொருள் தருகிறது. எப்படி அமைக்கலாம் என்று படம் வரைந்து கேட்டிருந்தார்கள். அம்மாவுக்குக் கோலமே கோணல்தான். சார்ட்டை என் பக்கம் தள்ளி, “நீ போட்டுக் குடு சாமி” என்றாள்.

நான் வரைவதற்கு முன்னால் அந்த இடம் முழுக்க முட்டி போட்டு நடந்து பார்த்தேன். குழந்தைகளின் உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே வேறு. குழாய் எட்டாது. மதில் சுவர் வானம் வரைக்கும் போகிறது. எறும்பு வரிசைதான் கண்ணுக்கு நேராக இருக்கிறது. துளசியக்கா அரிசி களைந்துகொண்டே பார்த்துவிட்டு, “டீச்சரம்மா, உங்க புள்ளைக்கு வேண்டுதலாட்ட இருக்குதுங்க, அங்கப்பிரதட்சணம் போகுது” என்று கத்தினாள். அவள்தான் அங்கன்வாடி ஆயா. சமையல், கூட்டுவது, குழந்தைகளுக்குக் கால் கழுவுவது எல்லாம் அவள்.

புங்க மரத்து நிழல் காலையில் விழும் இடத்தில் மணல் குழி. இப்போதுதான் நடக்கப் பழகும் குழந்தைகளுக்கு, ஓடுகிற பெரிய பிள்ளைகள் இடிக்காதபடி தனி மூலை. பழைய பாத்திரங்களோடு ஒரு மண் சமையலறை. வெறுங்காலோடு நடக்க ஆற்று மணல், தேங்காய் நார், கூழாங்கல், புல் என்று மாறி மாறி வரும் பாதை. கடைசியில் பஸ். பெரிய லாரி டயர்களைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வரிசையாக, கம்பி நட்டு நிமிர்த்தி நிறுத்தினால் உள்ளே தவழ்ந்து போகலாம். முழங்கால் உரசாமல் இருக்க அடியில் பலகை. அந்தப் பலகை யோசனை எனக்கு இரவு படுத்திருக்கும்போது வந்தது.

வட்டாரத்து அங்கன்வாடிகளுக்கெல்லாம் அதிகாரியான பெரிய மேடம் அம்மாவிடம் போனில், “ஒன்பதாவது படிக்கிற புள்ளயா வரைஞ்சது?” என்று கேட்டாராம். அம்மா இதை வீதியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 1, சனி

ஜெபராஜ் அண்ணன் வந்தார். அறக்கட்டளையிலிருந்து வேலையைப் பார்க்க வருபவர். ஒல்லியாக, எப்போதும் ஒரு அளவு டேப்போடு இருக்கிறார். என் சார்ட்டைத் தரையில் விரித்துப் பார்த்து, “பஸ் சூப்பர். ஆனா டயருக்குள்ள மழைத்தண்ணி நிக்குமே சபிதா. கொசு வந்துரும். ஒவ்வொரு டயர்லயும் ரெண்டு பக்கமும் அடியில ஓட்டை போடணும்” என்றார்.

அசிங்கமாக இருக்குமே என்றேன். பிறகு எனக்கே ஒன்று தோன்றியது. டயருக்குச் சிவப்பு அடித்து, சுற்றிலும் கருப்புப் புள்ளி வைத்துப் பொறிவண்டு மாதிரி ஆக்கிவிடலாம். அடியில் இருக்கும் புள்ளி மட்டும் நிஜ ஓட்டை. யாருக்கும் தெரியாது.

“ஓட்டையவே டிசைன் ஆக்கிட்டியே!” என்று என் தலையில் தட்டினார். ஓட்டை போடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தன் டிரில் மிஷினை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நவம்பர் 8, சனி

டயர்கள் வந்துவிட்டன. முதல் இரண்டில் ஓட்டை போட்டேன். ரப்பர் தூள் மிளகு மாதிரி பறந்தது. மூன்றாவது டயரில் பிட் மாட்டிக்கொண்டது. மிஷின் என் கையை முறுக்கிவிட்டது. கீழே போட்டுவிட்டேன், அது தரையில் கிடந்து சுற்றியது. அம்மா மீட்டிங்குக்குப் போயிருந்தாள். துளசியக்கா உள்ளே முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சத்தம் கண்ணு?”

“ஒண்ணுமில்லக்கா.”

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெயிண்ட் டப்பாவை வேறு திறந்து வைத்திருந்தேன். காய்ந்துவிடும் என்று அடிக்க ஆரம்பித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லா டயரும் முடிந்துவிட்டது. கை வலிக்கிறது. புள்ளிகள் நன்றாக வந்திருக்கின்றன. அம்மா போட்டோ எடுத்து ஜெபராஜ் அண்ணனுக்கு அனுப்பினாள். கைதட்டுகிற பொம்மை வந்தது.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினத்தன்று திறந்தார்கள். பெரிய மேடம் ரிப்பன் வெட்டினார். மணல் குழியைப் பார்த்ததும் குழந்தைகள் அவர் பேசி முடிக்கும்வரை நிற்கவில்லை. ஒருவன் மேடத்தின் செருப்பிலேயே மண்ணைக் கொட்டிவிட்டான். துளசியக்கா அவனைத் தூக்கிக்கொண்டு, “மேடத்துக்குச் சோறு போடறானுங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பஸ்ஸை முதலில் பிடித்தது கனிஷ்கா. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு, நான்கு வயது. எல்லோருக்கும் கனி. முன்னால் இருக்கும் டயரில் உட்கார்ந்துகொண்டு யாரையும் விடவில்லை. “ரைட் ரைட்! பெருந்துறை, ஈரோடு! படியில நிக்காதீங்க!” என்றாள். அவள் அப்பா விசைத்தறிக்குப் போகும் பஸ்ஸில் கேட்டதாக இருக்கும். பெரிய மேடத்தையே பார்த்து, “சில்லறை வெச்சுக்கங்க” என்றாள்.

பள்ளியிலும் காலை வணக்கத்தில் என் பெயரைச் சொன்னார்கள். என் சார்ட்டைத் தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் நான் நிற்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்றும் இன்றும் மழை. பள்ளிக்கு லீவு விடவில்லை.

நவம்பர் 22, சனி

மழை விட்டதும் அங்கன்வாடிக்குப் போனேன். பஸ்ஸின் பலகை காய்ந்திருந்தது. அதைத் தூக்கிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். துளசியக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தூக்கினால் ஏன் என்று கேட்பாள். ஜெபராஜ் அண்ணனின் மிஷின் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். மழையும் அதற்குள் நின்றுவிடும்.

நவம்பர் 30, ஞாயிறு

“இந்த வருசம் கொசு ஜாஸ்திங்க டீச்சர். பகல்லயே கடிக்குது” என்று துளசியக்கா அம்மாவிடம் சொன்னாள். அம்மா வேப்பிலை போட்டுப் புகை காட்டச் சொன்னாள்.

சாக்கடை மூடாமல் இருக்கிறது. அதனால் இருக்கும்.

டிசம்பர் 3, புதன்

கனி இரண்டு நாளாக வரவில்லையாம். காய்ச்சல்.

டிசம்பர் 4, வியாழன்

கனியை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். டெங்கு. அவள் அம்மா தேவிகாக்கா வீதியில் செருப்பு இல்லாமல் ஆட்டோ தேடி ஓடினாள். எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அம்மா நிலவேம்புக் கசாயம் காய்ச்சி வீதியில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். கசப்பு தெரியவில்லை.

கனிக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஒன்றும் ஆகக்கூடாது.

டிசம்பர் 5, வெள்ளி

இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

காலையில் சுகாதார ஆய்வாளர் வந்தார். கனி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, எங்கள் வீட்டு டிரம், எல்லாம் பார்த்தார். கடைசியில் அங்கன்வாடி. எனக்குத் தேர்வு விடுமுறை என்பதால் நான் அங்கேதான் இருந்தேன். அவர் பஸ்ஸின் பலகையைத் தூக்கினார். டயருக்குள் கருப்பாகத் தண்ணீர். அதில் டார்ச் அடித்தார். தண்ணீர் துள்ளியது. தண்ணீர் இல்லை, புழு.

“ஆயா! இங்க வாம்மா. ஓட்டை போட்டிருக்காங்கன்னு போட்டோல்லாம் அனுப்பியிருக்காங்க. அடைச்சிருந்தா வாரம் ஒருக்கா குத்தி விட வேண்டாமா? அது யாரு வேல?”

துளசியக்கா விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி அடிப்புள்ளியில் குத்தினாள். குச்சி வளைந்தது. இன்னொன்றில் குத்தினாள். பிறகு நகத்தால் சுரண்டினாள்.

“சார், இது ஓட்டை இல்லீங்க. வெறும் பெயிண்டுங்க.”

“பொட்டோ ஓட்டையோ, எனக்கென்னம்மா? தண்ணி நின்னுச்சு, புழு இருந்துச்சு. ரிப்போர்ட் போயிரும். திங்கக்கிழமை மேடம் வந்து பாப்பாங்க.” அவர் போனில் பேசிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

துளசியக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மணல் குழியைப் பார்த்தேன்.

வீட்டில் அம்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். “ஓட்டை போட்டியாடி?”

“போட்டேன்மா.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

அம்மா அடுப்படிக்குப் போனாள். அரிசி களைய ஆரம்பித்தாள். களைந்த தண்ணீரை ஊற்றாமலே மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

நான் இரண்டு டயரில்தான் போட்டேன். மற்றதில் எல்லாம் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு வட்டம் வரைந்தேன். மிஷினைத் திரும்பத் தொடப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். இதைச் சொல்லியிருந்தால் ஜெபராஜ் அண்ணன் சிரித்துவிட்டு அவரே போட்டிருப்பார். ஆனால் நானாகக் கேட்டு வாங்கிய வேலை. முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் இப்போது எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது.

டிசம்பர் 6, சனி

அம்மா பரணிலிருந்து மிஷினை எடுத்துப் பையில் வைத்தாள். “ஜெபராஜ் தம்பிகிட்டக் குடுத்துட்டு வந்தர்றேன். நீ எங்கயும் போகாத. படி” என்றாள். சாயங்காலம் ரேஷன் கடை வரைக்கும் மட்டும் போய் வந்தேன். அவள் திரும்பி வர இருட்டிவிட்டது. சேலை மடிப்பிலும் தலைமுடியிலும் கருப்பாக ஏதோ தூள். பஸ்ஸில் கூட்டம், புழுதி என்றாள். குளித்துவிட்டு வந்து ரசத்துக்குக் கரண்டியை இடது கையில் பிடித்தாள்.

“கை என்னம்மா?”

“பஸ்ஸுல கம்பிய எக்கிப் புடிச்சேன். சுளுக்கு.”

பிரிட்ஜ் மேல் இருக்கிற சாமி படத்துக்கு இன்று விளக்கு ஏற்றவில்லை. மறந்திருப்பாள்.

டிசம்பர் 8, திங்கள்

பெரிய மேடம் வந்தார். நான் பள்ளியிலிருந்து ஓடி வரும்போது அவர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார்.

ஓட்டைகள் இருந்தன.

எல்லா டயரிலும், அடியில், இரண்டு பக்கமும். மேடம் தன் பேனாவை ஒன்றில் விட்டு எடுத்தார். “இருக்கே ஆயா? ஓட்டையே இல்லன்னு இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னியாம்?”

துளசியக்கா ஒவ்வொரு டயராகப் போய்ப் பார்த்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். “மேடம், வெள்ளிக்கிழமை இல்லீங்க. நெசமாலுமே இல்லீங்க. நான் குத்திப் பார்த்தனுங்க.”

“அப்ப எப்படி வந்துச்சு? டீச்சர், நீங்க சொல்லுங்க.”

அம்மா போனை எடுத்து நவம்பர் போட்டோவைக் காட்டினாள். சிவப்பு டயர், கருப்புப் புள்ளிகள். “போட்டதுக்கு அப்புறந்தானுங்க மேடம் பெயிண்ட் அடிச்சது. சேறு அடைச்சிருக்கும்.” அம்மாவின் குரல் மீட்டிங்கில் பேசுகிற மாதிரி இருந்தது.

“சுத்தம் பண்ணல, கேட்டா பொய் வேற. ஒரு குழந்தை ஆஸ்பத்திரில கெடக்குது” என்றார் மேடம். வியாழக்கிழமை விசாரணை. அதுவரைக்கும் துளசியக்கா வேலைக்கு வர வேண்டாம். பிறகும் வேலை இருக்குமா என்று தெரியாது என்று மேடத்தோடு வந்தவர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

நானே போட்டிருப்பேனோ? எல்லாவற்றிலும் போட்டுவிட்டு மறந்திருப்பேனோ? இன்றைக்கு முழுக்க இப்படி நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நம்பவும் நம்பினேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

தண்ணீர்க் குழாயில் துளசியக்கா நின்றிருந்தாள். திரும்பிப் போகலாம் என்று பார்த்தேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டாள்.

“ஏஞ்சாமி, நில்லு.” குடத்தை இறக்கி வைத்தாள். “நீதான பெயிண்ட் அடிச்சே. ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ஓட்டை இருந்துச்சா, இல்லியா?”

“ஞாபகம் இல்லக்கா.”

“ஞாபகமில்லியா.” சிரிக்கப் பார்த்தாள். “எனக்கே சந்தேகமாப் போச்சு கண்ணு. எங்கூட்டுக்காரரு கேக்கறாரு, ‘பொட்டுக்கும் ஓட்டைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கண்ணு போயிருச்சாடி உனக்கு’ன்னு. ராத்திரி எந்திரிச்சு இந்த நகத்தையே பாக்கறேன். பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு, தெரியுமா? கழுவிப்போட்டேன். கழுவாம வெச்சிருந்திருக்கோணும்.”

எனக்குப் பின்னால் குடத்தோடு நின்ற பெண், “தள்ளுங்கக்கா, தண்ணி நிக்கப்போகுது” என்றாள். துளசியக்கா என் குடத்தையும் பிடித்து, நிரப்பி, என் இடுப்பில் தூக்கி வைத்துவிட்டாள்.

அந்தக் குடத்தோடு எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 10, புதன்

தமிழ்த் தேர்வு. கட்டுரை நன்றாக எழுதினேன். அதுவே வெட்கமாக இருக்கிறது. தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே என் சார்ட் இன்னும் தொங்குகிறது. அந்தப் பக்கம் போகாமல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.

சாயங்காலம் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். கனி மெலிந்துவிட்டாள். கையில் ஊசி குத்தி அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். உதடு உரிந்திருந்தது. நேற்றிலிருந்து பரவாயில்லை, ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். தேவிகாக்கா பப்பாளி இலைச் சாற்றை டம்ளரில் வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“பாரு, சபிக்கா வந்திருக்குது.”

கனி கண்ணைத் திறந்தாள். “பஸ்ஸு ஷெட்டுல இருக்குதா?”

“இருக்குது.”

“யாரும் எடுக்கக்கூடாது. டிரைவரு லீவு.”

“தூக்கத்துல கூட ரைட் ரைட்டுங்கறா” என்று தேவிகாக்கா அழுதாள். பிறகு அம்மாவிடம், “அந்த ஆயாவ மட்டும் மறுபடி உள்ள விட்டீங்கன்னா நாங்க யாரும் புள்ளைங்கள அனுப்ப மாட்டோம் டீச்சர். இத்தன நாளு எங்கூட்டுப் பாத்திரத்துலயே சாப்ட்டுப்போட்டு…” என்றாள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ், “கொசு எங்க கடிச்சுதுன்னு யாருக்கும்மா தெரியும்? உங்க வீட்லயே கூட கடிச்சிருக்கும்” என்றார். யாரும் அதைக் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேன். அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே சொல்லிப் பார்த்தேன். ஆனால் கொசு எங்கே கடித்திருந்தாலும் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லை என்று சொன்னவள் பொய்க்காரியாகிவிட்டாள்.

அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் பற்று காய்ந்து வெடித்திருந்தது. மிஷின் கையை முறுக்கினால் எந்த இடத்தில் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். சரியாக அதே இடம்.

நாளைக்கு நான் வாயைத் திறந்தால் ஓட்டை எப்படி வந்தது என்று கேட்பார்கள். அம்மாவுக்கு வேலை போகும். திறக்காவிட்டால் துளசியக்காவுக்குப் போகும்.

அம்மா புரண்டு படுக்கிறாள். அவளும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 11, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அங்கன்வாடி உள்ளே மேடம், ஆய்வாளர், இன்னொரு சார். துளசியக்கா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. நான் கதவருகே நின்றேன்.

“நீ எதுக்கும்மா இங்க? போய்ப் படி” என்றார் மேடம்.

“ஆயாக்கா சொன்னது நெசம் மேடம்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “வெள்ளிக்கிழமை ஓட்டை இல்ல. நான் ரெண்டு டயர்லதான் போட்டேன். மத்ததுல கருப்புப் பொட்டு வெச்சேன். போட்டோல இருக்கறது பொட்டு.”

ஆய்வாளர்தான் முதலில், “அப்ப இப்ப இருக்கற ஓட்டை?” என்றார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் உண்மை வந்துவிடும் என்று பயம்.

“அதையும் நான்தான் போட்டேன். சனிக்கிழமை. அம்மாவுக்குத் தெரியாம மிஷின எடுத்து.”

“பொய் மேல பொய் சொல்றியே, உன்னை எப்படி நம்பறது?” மேடம் கோபமாகத்தான் கேட்டார். நான் அவரைப் பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் இரண்டு டயரில் ஓட்டை போட்ட பிறகு சிவப்பு அடித்தேன், அதனால் ஓட்டைக்குள் சிவப்பு வழிந்து காய்ந்திருக்கிறது. மற்றதில் உள்ளே வெறும் ரப்பர். ஆய்வாளர் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “ஆமாங்க மேடம்” என்றார்.

மேடம் அம்மா பக்கம் திரும்பினார். “டீச்சர், உங்களுக்கு இது தெரியாதா?”

அம்மா எழுந்து நின்றாள். வாய் திறந்தது. “மேடம், அது…” என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் அதைத் தெரியாது என்று எடுத்துக்கொண்டார். தெரிந்தும் எடுத்துக்கொண்டாரோ என்னவோ. அவர் பார்வை அம்மாவின் முந்தானையில் கொஞ்ச நேரம் நின்றது.

எனக்கு நிறையத் திட்டு விழுந்தது. அம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். டயரெல்லாம் எடுத்துவிட வேண்டும். துளசியக்கா நாளையிலிருந்து வேலைக்கு வரலாம்.

அவர்கள் போன பிறகு துளசியக்கா என் பக்கத்தில் வந்தாள். அழப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன், அவள் தலையைத் தடவுவாள் என்றும் நினைத்தேன். அவள் தொடவில்லை.

“சனிக்கிழமை சாயங்காலம் நீங்க ரேஷன் கடையில வரிசையில நின்னீங்க. எனக்கு ரெண்டு ஆளு முன்னாடி” என்று மெதுவாகச் சொன்னாள். “சொன்ன வரைக்கும் சரிங்க.”

நீங்க என்றாள். நான் பிறந்ததிலிருந்து அவளுக்குச் சாமி, கண்ணு, போடி கழுதை. இன்றைக்கு நீங்க.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். அதற்குள்ளும் ஒரு பொய்யை வைத்துத்தான் கொடுக்க முடிந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று இரவு அம்மா சமைக்கவில்லை. நான் மஞ்சளும் உப்பும் குழைத்து, சூடாக்கி, அவள் கையை இழுத்து மடியில் வைத்துப் பற்றுப் போட்டேன். கையைக் கொடுத்தாள். “மேடம் கேட்டப்ப சொல்லீரலாம்னுதான் எந்திரிச்சேன். வாய் வரல” என்றாள்.

“எனக்கும் அப்படித்தாம்மா. ஒரு மாசமா.”

அம்மா அழுதாள். நான் அம்மா அழுது பார்த்ததில்லை. பற்றுக் கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

இன்று காலை அம்மா வேலைக்கு முன்னால் துளசியக்கா வீட்டுக்குப் போனாள். நானும் வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அங்கிருந்து தேவிகாக்கா வீட்டுக்கும் போனாளாம். அங்கே கத்தியது வீதிக்கே கேட்டது.

டிசம்பர் 13, சனி

ஜெபராஜ் அண்ணன் வண்டியோடு வந்து டயர்களை ஏற்றிக்கொண்டு போனார். நான் உள்ளே ஒளிந்திருந்தேன். அவராகவே வந்தார். “முடியலன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமே சபிதா” என்றார். திட்டவில்லை. பின்னால் இருக்கும் இடத்துக்கு மூங்கிலும் மரக்கட்டையும் தருகிறாராம். “நீயே வரைஞ்சு குடு. இந்த வாட்டி மிஷின் வேல எங்க ஆளு பாப்பாங்க” என்றார்.

சரி என்றேன். பென்சிலைக் கையில் எடுக்கவே கூசுகிறது.

பள்ளியில் என் சார்ட்டை நானே கேட்டுக் கழற்றிக்கொண்டேன். ஏன் என்று தலைமை ஆசிரியர் கேட்டார். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்றேன். என்ன தப்பு என்றார். சொன்னேன். முழுக்க இல்லை, என் பங்கை மட்டும்.

டிசம்பர் 20, சனி

கனி வந்துவிட்டாள். தேவிகாக்கா கொண்டுவந்து விட்டாள், என்னைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். கனியின் தலையை மொட்டையடித்திருக்கிறார்கள். துளசியக்கா அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, “என்ன கண்டக்டரு, முடி எங்க? டிக்கெட்டுக் கிழிச்சுக் குடுத்துட்டியா?” என்று கேட்டு முத்தம் கொடுத்தாள். என்னிடம், “தள்ளிக்கங்க” என்றாள்.

கனி நேராகப் பின்பக்கம் ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். பஸ் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கம்பி நின்ற பள்ளங்களும், டயர்களுக்கு அடியில் புல் முளைக்காத வெளுத்த கோடுகளும் மட்டும்தான். இவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

கனி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முதல் கோட்டில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஊசி குத்திய கையை இன்னும் மடக்காமல்தான் வைத்திருக்கிறாள். இன்னொரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

“ரைட் ரைட்.”

மற்ற குழந்தைகள் ஒவ்வொருவராக ஓடி வந்து அவளுக்குப் பின்னால் கோடுகளில் உட்கார்ந்தார்கள். மணல் குழியில் இருந்தவனும் வந்துவிட்டான். நான் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் போய், “நானும் ஏறிக்கட்டுமா?” என்று கேட்டேன்.

கனி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எடமில்லீங்க” என்றாள். “அடுத்த பஸ்ஸுல வாங்க.”

புங்க மரத்தடியில் போய் நின்றுகொண்டேன்.